தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வரட்டுமே. கோபம் வராதவளை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் ஒரே வாரத்தில் வேலையை விட்டு ஓடியிருப்பாள்.

கதவு என்றால் எங்கள் சலவைக்கூடத்தின் உள்கதவு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ரோலர் மெஷினுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு வந்து விழும். ரோலருக்குள் ஓடுவது கொதிக்கிற நீராவி. கூடத்தின் சுவரில் வெக்கையை அளக்கிற மானி ஒன்று மாட்டியிருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் இன்னும் கொஞ்சம் வேர்க்கும்.

அந்த ரோலரில் நான் பதினாலு வருஷம் நின்றேன். முட்டி போய்விட்டது. "இனிமேல் நிக்கக்கூடாது" என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், என்னை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் உலர்த்துகிற பக்கத்தில் ஒருவர் வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தார். உடனே மேனேஜர்கள் மாடியில் ஏசிக்குள் உட்கார்ந்து ஒரு விதி போட்டார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றொன்பதோ அதற்கு மேலோ காட்டினால் காய்ச்சல், உள்ளே விடக் கூடாது. ஒவ்வொரு தடவை திருப்பி அனுப்பும்போதும் நோட்டில் பேருக்கு நேரே ஒரு அடையாளம் போட வேண்டும். மூன்று மாதத்தில் நாலு அடையாளம் விழுந்தால், அந்த ஆள் உடம்பு இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று பேரை எடுத்துவிடுவார்கள். தெர்மாமீட்டரும் நோட்டும் ஒரு நாற்காலியும் என் கைக்கு வந்தன. அன்றிலிருந்து எனக்குக் 'காய்ச்சல் அக்கா' என்று பேர்.

இரண்டு ஷிப்ட். காலை ஐந்து முதல் பன்னிரண்டு. அப்புறம் பாய்லருக்கு ஓய்வு. திரும்ப மாலை நாலு முதல் பதினொன்று. இரண்டு ஷிப்டும் உள்ளே நுழைகிற நேரத்துக்கு மட்டும் நான் போனால் போதும், வீடு பக்கத்துத் தெருதான். அதனால் காலை உடம்பையும் மாலை உடம்பையும் சேர்த்துப் பார்த்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

முதல் நாள் காலையில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லோரும் தொண்ணூற்றேழு சொச்சம். ஒருவருக்கும் தொந்தரவில்லை. மாலை இருபத்தெட்டுப் பேரில் ஆறு பேர் தொண்ணூற்றொன்பதைத் தாண்டினார்கள். ஆறு பேரையும் திருப்பி அனுப்பினேன். ரோலர் ஒன்று ஆளில்லாமல் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து குதித்தார்.

"என்னம்மா, ஊருக்கே காய்ச்சலா?"

"நானா காய்ச்சல் வரவழைக்கறேன்? மீட்டர் சொல்லுது, எழுதறேன்."

"பேட்டரி பாருங்க."

பேட்டரி மாற்றினோம். மீட்டரையே மாற்றினோம். மறுநாளும் காலையில் தொண்ணூற்றேழு, மாலையில் தொண்ணூற்றொன்பதை உரசிக்கொண்டு நின்றது. மாலை ஷிப்ட் ஆட்கள் இரண்டே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எதிர்ச்சாரியில் இருக்கிற கூல்ட்ரிங்ஸ் கடையில் ஐஸ் துண்டு வாங்கி வாயில் அதக்கிக்கொண்டு வந்தார்கள். தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழுக்கு மேல் ஏறவில்லை. பேசச் சொன்னால் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். ஐஸ் வைக்காமல் வந்து தொண்ணூற்றொன்பது காட்டுகிற அப்பாவிகளிடம் நானே, "போய்த் தண்ணி குடிச்சுட்டு வா, மறுபடி பாக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். ஒருத்தியைத் தவிர எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த ஒருத்தி என் நாத்தனார்.

வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. நாங்கள் இருக்கிற வீட்டிலேயே மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். புருஷனோடு ஒத்துவரவில்லை என்று ஒரு நாள் பெட்டியோடு வந்தாள். "அண்ணன் சோத்த உக்காந்து சாப்பிட மாட்டேன்" என்று சொல்லி அடுத்த வாரமே சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அது ஆறு வருஷத்துக்கு முன். அன்றிலிருந்து மாலை ஷிப்ட், மூன்றாம் ரோலர், இடது முனை. ரோஷக்காரி. வேலையிலும் கெட்டிக்காரி, அதை நான் மறுக்க மாட்டேன்.

எங்களுக்குள் பேச்சு நின்றது ஒரு குக்கர் வெயிட்டால். என் குக்கரை இரவல் வாங்கிப் போனாள், வெயிட் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். வெயிட்டோடுதான் கொடுத்தேன் என்று சாதித்தாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்காக வேலையில் பேசாமல் இருக்க முடியுமா? எல்லாம் வாட்ச்மேன் வழியாகத்தான். என் முன்னாலேயே நின்றுகொண்டு அவரிடம் கேட்பாள்: "எத்தன காட்டுதுன்னு அந்தம்மாகிட்ட கேளுங்க." நானும் அவரிடமே சொல்வேன்: "தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டுன்னு சொல்லுங்க." அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் கேட்டுக்குக் காவலா, உங்க ரெண்டு பேர் வாய்க்கும் காவலாம்மா?"

ஐஸ் விஷயத்தை அவளுடைய ஜோடி, அதாவது ரோலரின் வலது முனையைப் பிடிக்கிறவள், அவளிடம் சொல்லியிருக்கிறாள். இவள் கேட்கவில்லை. "எனக்குக் காய்ச்சலே இல்ல. இல்லாத காய்ச்சலுக்கு நான் எதுக்கு ஐஸ் வைக்கணும்?" என்றாளாம். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு நாள் நாலு மணிக்கு 99.1 காட்டியது. எழுதினேன், திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து 99.0. அதற்கும் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் திரும்பவும் 99.1. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தால் மூன்று நாளும் உள்ளே போயிருப்பாள். நான் சொல்லவில்லை. விதியை விதியாகத்தான் நடத்தினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தபோது எனக்குள் ஒரு துளி சந்தோஷம் இருந்தது.

மூன்றாவது தடவை வாட்ச்மேனிடம் சத்தமாகவே சொன்னாள்: "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் போட்டுட்டு நிம்மதியா தூங்கச் சொல்லுங்க."

நேராகச் சூப்பர்வைசரிடம் போய் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் யாருக்கும் தொண்ணூற்றொன்பது வருவதில்லை என்று கூடத்துக்கே தெரியும். நாலாவது தடவை வந்தால் வேலை போகும். வேலை போனால் மாடி அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. என் கையால் சாப்பிட வேண்டும். அதற்குப் பதில் அவள் பட்டினியே கிடப்பாள்.

காலை ஷிப்டில் அவளுக்கு 97.2. மறுநாள் 97.1. அதற்கடுத்த நாள் 97.3. இருபத்திரண்டு நாள் வரிசையாக அப்படித்தான். அதே ஆள், அதே நாக்கு, அதே மீட்டர். நாலு மணிக்கு நின்றபோது தொண்ணூற்றொன்பது, விடியற்காலையில் நின்றால் தொண்ணூற்றேழு. நோட்டில் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். காய்ச்சல் ஆளிடம் இல்லை, மணியில்தான் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, "நீங்க டாக்டரா?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. அவள் தன் காலை ஷிப்ட் ஜோடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாலு மணி ஷிப்ட்ல கதவத் தாண்டினதுமே வேர்த்துக் கொட்டும்டி. காலைல ஒரு மணி நேரம் ஆனாலும் வேர்க்கவே மாட்டேங்குது. உள்ளுக்குள்ளயே வேகற மாதிரி இருக்கு. உடம்பு இன்னும் பழைய ஷிப்ட்லயே கெடக்குது." ஜோடி சிரித்தாள். நானும் மனசுக்குள் சிரித்தேன்.

இருபத்திமூன்றாம் நாள். விடியற்காலை மணி நாலு ஐம்பது. வரிசையில் கடைசியாக வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. எப்போதும் தலையை நிமிர்த்திக்கொண்டு வருகிறவள் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தாள். தெர்மாமீட்டரைக் கொடுக்கும்போது விரல் பட்டது. சுட்டது. பீப் என்றது. பார்த்தேன். 98.8.

அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள். வாட்ச்மேன் டார்ச் லைட்டை வைக்க உள்ளே போயிருந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தே பேசினாள்.

"தொண்ணூத்தொம்பது இல்லல்ல? போகலாம்ல?"

என்ன சொல்ல? தொண்ணூற்றொன்பது இல்லை, அது நிஜம். கை சுடுகிறது, அதுவும் நிஜம். 'போகாதே' என்றால் நாலாவது தடவை. அண்ணியே நாத்தனார் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்று ஊர் வாய் முழுக்க நான்தான் இருப்பேன். விதிப்படி அவளை நிறுத்தவும் எனக்கு உரிமை இல்லை. உள்ளே விடுவது எனக்கு எல்லா விதத்திலும் சௌகரியமாக இருந்தது. நான் 98.8 என்று எழுதி, நோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன். அவள் போனாள்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. தாமதமாக வருகிறவர்களுக்காக ஆறு மணி வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தேன். கை மட்டும் நோட்டின் பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நாள் தொண்ணூற்றேழேகால். இன்றைக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. இதே ஏற்றம் நாலு மணிக்கு ஏறியிருந்தால்? அவளுக்கு அப்போது சாதாரணமாகவே தொண்ணூற்றொன்பது. அதோடு ஒன்றரையைக் கூட்டினால் நூற்றைத் தாண்டி அரை டிகிரி. நூற்றரை டிகிரி காய்ச்சலோடு ஒருத்தி வந்து நின்றால் நான் உள்ளே விடுவேனா? ரோலர் முன்னால் ஏழு மணி நேரம் நிற்கச் சொல்வேனா?

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். முட்டி வலித்தது. நோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

உள்ளே அனல் முகத்தில் அடித்தது. மூன்றாம் ரோலரில் ஜோடி வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். என் நாத்தனார் முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அடுப்பில் வாட்டினது போல் சிவந்து உலர்ந்திருந்தது. விரிப்பைக் கொடுக்கிற கை மட்டும் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

"வெளிய வா" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதிட்டீங்கல்ல? அப்புறம் என்ன?"

"எழுதினது தப்பு. வா."

"மீட்டர் தப்பா, நீங்க தப்பா? இன்னிக்கும் ஒரு அடையாளம் போடணும், அதானே? விட மாட்டீங்களே!"

அந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். "உனக்குத் திமிர்டி, நல்லது சொன்னா ஏறாது" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டோம். எத்தனை நேரம் என்று தெரியாது, ஒரு நிமிஷம் இருக்கலாம். அப்புறம் அவள் பேச்சு குழறியது. "வெயிட்ட நான் எடுக்கல" என்றாள். எதற்கு அதைச் சொல்கிறாள் என்று நான் விழித்தேன். விரிப்பின் முனையை விடாமலே முன்பக்கமாகச் சாய்ந்தாள்.

மெஷினை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் கட்டையை ஓங்கி அடித்தேன். ரோலர் நின்றது. அவள் முழங்கை அதன் விளிம்பில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. கை இன்னும் ஒரு சாண் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்னும் பயமாக இருக்கிறது. விரிப்பு உள்ளே மாட்டிக் கருகத் தொடங்கியது. சூப்பர்வைசர் "யாரு நிறுத்தினது?" என்று கத்திக்கொண்டு வந்தவர், தரையில் கிடந்தவளைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

பதினாலு வருஷம் அங்கே நின்றவளுக்கு என்ன எங்கே இருக்கிறது என்று தெரியும். "அலசின வண்டிய இழுத்துட்டு வாங்கடி!" என்று கத்தினேன். கடைசி அலசல் முடிந்து பிழியக் காத்திருக்கிற விரிப்புகள், சொட்டச் சொட்ட, சில்லென்று இருக்கும். வாசல் பக்கம் காற்றுக்குத் தூக்கிப் போய், ஒவ்வொன்றாக எடுத்து அவள் மேல் போர்த்தினோம். போர்த்தின விரிப்பு கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் போர்த்துவோம். வாட்ச்மேன் தன் மேஜை விசிறியைத் தூக்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்தார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றிமூன்றரை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதினாறு விரிப்பு. எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

பிழைத்துக்கொண்டாள். சிறுநீரில் கிருமி, அதனால் காய்ச்சல், அதன் மேல் வெக்கை. ஷிப்டுக்கு நடுவில் பாத்ரூம் போக விட மாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமலே நின்றிருக்கிறாள். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். நானும் பதினாலு வருஷம் அப்படித்தான் நின்றேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். நோட்டு அவர் மேஜை மேல் இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டுன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. தொண்ணூத்தொம்பதுங்கற கோட்டுக்குக் கீழ. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. அறிக்கைல உங்க பேர நல்லவிதமாவே போட்டிருக்கேன்."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. "அவ வேல?" என்றேன்.

"மூணு மாசத்துக்கு வெக்கைப் பக்கமே போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. ஒரு அடையாளமும் இல்லாதவங்களா இருந்தா வேற இடத்துல உக்கார வெப்போம். அவங்களுக்குத்தான் ஏற்கனவே மூணு இருக்கே. பேர எடுத்துட வேண்டியதுதான்."

அந்த மூன்றும் என் கையெழுத்து.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஜன்னல் பக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் கட்டு. விரிப்பின் மூலையில் எங்கள் கூடத்து முத்திரை.

"மடிப்பு கோணல்" என்றாள், விரிப்பைப் பார்த்துக்கொண்டே. "நாங்க போட்டது இல்ல இது."

நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். நடுவில் நின்று சொல்ல அங்கே வாட்ச்மேன் இல்லை. அவளே ஆரம்பித்தாள்.

"மூணு தடவ ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்ப திருப்பி அனுப்பினீங்க. இருந்த அன்னிக்கு உள்ள விட்டீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன். "உன் கை சுட்டுச்சு. நோட்ட அப்பவே புரட்டியிருந்தா புரிஞ்சிருக்கும். நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்துட்டு, மீட்டர் சொல்றதுதானேன்னு விட்டேன். முன்னால அந்த மூணு தடவையும் தண்ணி குடிச்சுட்டு வான்னு உன்கிட்ட சொல்லியிருக்கலாம். மத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். உன்கிட்ட மட்டும் சொல்லல."

அவள் விரிப்பின் கோணல் மடிப்பை ஒரு கையாலேயே நீவிச் சரிசெய்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

"இத மன்னிச்சிடுவேன்னு நினைக்காதீங்க அண்ணி" என்றாள். அண்ணி என்று அவள் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. "வேல போச்சுல்ல?"

"போகல" என்றேன். அப்போது அது பொய்.

அங்கிருந்து நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனேன். மாதத்துக்கு ஒரு முறை வருகிற கம்பெனி டாக்டரம்மா அன்று வந்திருந்தார். சூப்பர்வைசரும் இருந்தார். நோட்டை எடுத்து இரண்டு பேர் முன்னாலும் விரித்தேன்.

"இந்த மூணு அடையாளமும் செல்லாது. நாலு மணிக்கு எல்லாருக்கும் தொண்ணூத்தொம்பதுதான் வருது. மத்தவங்க ஐஸ அதக்கிட்டு வராங்க, இவ அதக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். அது எனக்கு எட்டு மாசமா தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா பேசறீங்க? உங்களையும் சேர்த்துல்ல மாட்டி விடறீங்க!"

"மாட்டட்டும்."

டாக்டரம்மா அவரைக் கையமர்த்திவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது" என்றார். "விடியக்காலைல உடம்புச் சூடு இருக்கறதுலயே கம்மி. சாயங்காலம் அதிகம். ஒரு டிகிரிக்கு மேல கூட வித்தியாசம் வரும். ரெண்டு நேரத்துக்கும் ஒரே கோட்டப் போட்டது தப்பு. சாயங்காலம் நல்லா இருக்கறவங்கள வெளிய தள்ளும், காலைல காய்ச்சல் இருக்கறவங்கள உள்ள விடும்."

"அவளுக்குக் காலைல வேர்க்கல, மேடம். நாலு மணின்னா உடனே வேர்க்கும்னு சொல்லிட்டிருந்தா."

"தினமும் ஒரே நேரத்துல வெக்கைக்குள்ள போனா உடம்பு அந்த நேரத்துக்குத் தயாராகிக்கும். திடீர்னு நேரத்த மாத்தினா கொஞ்ச நாள் திணறும். உங்ககிட்ட சொன்னாங்களா?"

"என்கிட்ட சொல்லல. காதுல விழுந்துது" என்றேன். காதில் விழுந்து நான் சிரித்ததைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் மாடியில் பேசினார்கள். கடைசியில் புதுத்தாள் ஒட்டினார்கள். அவரவர்க்கு அந்தந்த ஷிப்டில் வழக்கமாக என்ன காட்டுமோ அதுதான் அவரவர் கோடு. அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறினால் உள்ளே விடக் கூடாது, ஆனால் அதை அடையாளமாக எண்ணக் கூடாது. பழைய அடையாளமெல்லாம் ரத்து. ஐஸ் தெரிந்தும் மறைத்ததற்காகக் கதவு நாற்காலியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மாலை ஷிப்டில் துணி மடிக்கிற மேஜைக்குப் போகச் சொன்னார்கள். மேஜை கூடத்துக்குள், ரோலருக்கு எதிரே. உட்கார ஒரு முக்காலி தருவதாகச் சொன்னதே பெரிய தயவு. மாலை ஷிப்ட் ஆட்களோ, ஐஸைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கதவுக்கு ஒரு ஆள் வேண்டும். வெக்கைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆள் ஒருத்தி இருந்தாள். அடையாளம் எதுவும் இல்லாதவள்.

நான் மடிப்பு மேஜைக்குப் போன முதல் நாள், நாலு மணிக்கு வரிசையில் நின்றேன். என் நாற்காலியில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். என் நோட்டு, என் தெர்மாமீட்டர். அவள் ஒரு வேலை அதிகமாகச் செய்தாள். மீட்டர் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். தாளில் அப்படி எழுதவில்லை.

என் முறை வந்தது. கையை நீட்டினேன். தொட்டாள், எடுக்கவில்லை. மற்றவர்களுக்குத் தொட்டதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். அப்புறம் மீட்டர். பீப்.

வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து நின்றார். "எத்தனன்னு அவங்ககிட்ட சொல்லணுமாம்மா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள். நோட்டில் 99.1 என்று எழுதினாள். பழைய விதிப்படி அது கோட்டுக்கு மேலே, திருப்பி அனுப்ப வேண்டியது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சீங்களா அண்ணி?"

"குடிச்சேன்."

"இன்னொரு தம்ளர் குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி, தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.